உன் பாதி வயலுக்கு நான் வைத்த கையொப்பம்

இன்று காலை விதைநெல் புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகின் ஓரத்தில் ஒரு மணி தனியாக ஒதுங்கி நின்றது. மற்ற நெல்லைவிடக் கொஞ்சம் ஒல்லி, நுனியில் கறுத்த வால். நகத்தால் உமியைக் கீறிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு. பன்றி நெல்தான், அந்தக் களை நெல். இத்தனை மாரிக்குப் பிறகும் வந்து நிற்கிறதே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஏசியதில் பாதி உனக்கு.

உனக்குத்தான், தங்கச்சி. செத்துப்போனவளோடு கோபிக்கலாமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். நீ உயிரோடு இருக்கும்போது ஒரு தரமாவது என்னை ஏசியிருக்கலாம். ஊர் கூடி நின்று பார்க்க, நீயெல்லாம் ஒரு அக்காவா என்று கேட்டிருக்கலாம். நானும் திருப்பி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம், அதோடு முடிந்திருக்கும். நீ கேட்கவில்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேசாமல் வயலுக்குள் இறங்கிவிட்டாய்.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் உனக்கே சொல்லப்போகிறேன். முதலிலிருந்து சொல்லாவிட்டால் என் கோபம் ஒழுங்காக வராது.

எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைகளுக்குத்தான். வாவிக்கு அக்கரையில் அம்மாவுக்கு இருந்த இரண்டு ஏக்கரை எனக்குக் கலியாணம் பேசியபோது என் பெயரில் எழுதினார்கள். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். "தங்கச்சி வளந்ததும் பாதிய அவட பேருல மாத்திக் குடு" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். உனக்குக் கலியாணம் ஆனதும் நடுவில் ஒரு வரம்பு கட்டிப் பிரித்தோம். வரம்பு கட்ட ஒரு பகல் போதுமாக இருந்தது. நொத்தாரிசிடம் போய் உன் பெயரில் உறுதிப் பத்திரம் எழுத மட்டும் எனக்கு நேரமே கிடைக்கவில்லை. அறுவடை முடியட்டும் என்றேன். பிள்ளையின் காய்ச்சல் மாறட்டும் என்றேன். பிறகு கடல் வந்தது, பிறகு சண்டை வந்தது. சாக்குச் சொல்வதற்கு எனக்கு நாட்டில் ஒன்று மாறி ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது.

சுனாமி வந்த காலையில் உன் புருஷன் சின்ன உழவு மெசினில் மீன் பெட்டி ஏற்றக் கடற்கரைக்குப் போயிருந்தார். மூன்று நாள் கழித்து அவரைக் கண்டெடுத்தோம். மெசினைத் தாழம்பற்றைக்குள் கண்டபோது அதன் வாயெல்லாம் மணல். அக்கரையில் வயல் பச்சையாக நின்றது. முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழித்து நீ துறைக்கு வந்து, வாவியைக் கடக்கும் மிதவையில் என் பக்கத்தில் நின்று, "வெள்ளாமைக்கு ஒண்டும் தெரியா, என்ன கா?" என்று கேட்டாய்.

அடுத்த மாரிக்கு உழவுக்கு ஆள் தேடினாய். அக்கரை நிலவரம் சரியில்லை என்று மெசின்காரர்கள் வரத் தயங்கினார்கள். வந்த ஒருவனும் ஆண்கள் நிற்கும் வயல்களை எல்லாம் முதலில் உழுதான். உன் முறை வருவதற்குள் மழை விழுந்துவிட்டது. உன் அத்தான், என் மனிசன்தான், "நாளைக்குப் பாப்பம், நாளண்டைக்குப் பாப்பம்" என்று எங்கள் பாதியை மட்டும் முடித்தார். முந்திய சூடடிப்பில் மிஞ்சிய வைக்கோல் உன் நிலத்தில் பரந்து கிடந்தது. முதல் மழைக்குப் புல் பச்சை பிடித்து எழும்பும்வரை நீ காத்திருந்தாய். பிறகு நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சின்ன மண்வெட்டியால் மேல்மண்ணை மட்டும் செதுக்கி, புல்லை அந்த இடத்திலேயே சாகவிட்டு, மேலே விதையை எறிந்தாய். உழவு சால் ஒன்றுகூட இல்லை. சோம்பேறி வெள்ளாமை என்று அந்த வயல்வெளி வட்டை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

முதல் வருடம் சிரித்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. கோரை உன் வயலில் பாய் விரித்தது. விளைச்சல் எங்களுடையதில் பாதிகூட இல்லை. பன்றி நெல் வேறு. அது நெல்லுக்குள் நெல்லாக ஒளிந்து நிற்கும் சனியன். கதிர் வரும்வரை கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்து முடிப்பதற்குள் மணியைக் கொட்டிவிடும். வீட்டுக்கு ஒன்றும் வராது, அடுத்த வருடத்துக்கு எல்லாம் நிலத்தில் இருக்கும். நீ விடவில்லை. கதிர் முந்தி வந்த ஒவ்வொன்றையும் பிடுங்கிச் சாக்கில் போட்டு, கரைக்குக் கொண்டுவந்து எரித்தாய்.

அதற்கும் அடுத்த வருடம் அக்கரை முழுக்கச் சண்டை. ஆளும் போக முடியாது, மாடும் போக முடியாது. நாம் இக்கரைப் பள்ளிக்கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். திரும்பிப் போனபோது எது வயல், எது காடு என்று தெரியவில்லை. விதைப்பார் இல்லாமலே பன்றி நெல் விளைந்து, கொட்டி, மறுபடி விளைந்திருந்தது. எல்லோரும் செய்ததை எங்கள் பாதியில் நாங்களும் செய்தோம். எரித்தோம், ஆழமாக உழுதோம், திருப்பியும் உழுதோம். மண் புரண்டு கறுப்பாகக் கிடந்தபோது எனக்கு மனது நிறைந்துபோனது. களை எல்லாம் அடியில் போய்விட்டது என்று நினைத்தேன்.

நீ வரம்பில் குந்தி இருந்து பார்த்தாய். "அக்கா, இது செத்துப் போகல்ல. கீழ போய் உறங்குது. மறு வரியம் உழுவாய், மேல வரும். உறங்குறத ஏங்கா எழுப்புறாய்?" என்றாய். மேலே கிடக்கிற விதை முதல் மழைக்கு முளைத்துத்தான் ஆகவேண்டும், முளைத்ததைச் செதுக்கிவிடலாம், மிஞ்சியதை எறும்பும் குருவியும் தின்னும், கீழே போனதை யார் தின்பது என்று கேட்டாய். படித்துச் சொன்னதில்லை. இடுப்பு நோகக் களை பிடுங்கியவள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. "போடி, உனக்கு மெசின் இல்லாததுக்கு ஒரு கதை" என்றேன். நீ சிரித்துவிட்டு எழும்பிப் போனாய். அந்தச் சிரிப்புக்கு அப்போதே உன் கன்னத்தில் ஒன்று போட்டிருக்கலாம், நீயும் திருப்பி அடித்திருப்பாய்.

மாரி மாரியாக உன் பாதி மாறியது. களை குறைந்தது. கோரை மட்டும் வருடத்துக்கு வருடம் உன்னோடு மல்லுக்கு நின்றது. அதைக் கிழங்கோடு தோண்டி எடுப்பாய். மண்ணைக் கையில் எடுத்தால் புட்டு மாதிரி உதிரும், அதற்குள் புழு நெளியும். வடக்கில் சண்டை முடிந்த பிறகு வந்த மாரியில், விதைத்த பிறகு மழை போய் ஒளித்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? என் பயிர் பகலில் சுருண்டு நின்றது, நிலம் கை நுழைய வெடித்தது. வரம்புக்கு அந்தப் பக்கம் உன் பயிர் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். மண் ஈரமாக இருந்தது. நீ பார்க்கும் முன் வைக்கோலை இழுத்து மூடிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி வருவதுதான் சொல்ல வந்த விஷயம்.

சண்டை முடிந்ததும் எல்லாவற்றுக்கும் திட்டம் வந்தது. எங்கள் வட்டைக்கு வந்தது இலவச உழவு. ஒரு பெரிய மெசின், வட்ட வட்டமாகத் தகடு பூட்டியது, ஒரே நாளில் கண்ணுக்கெட்டிய தூரம் புரட்டிவிடும் என்றார்கள். உழவும் இலவசம், உரப் பசளையும் இலவசம். ஒரே ஒரு நிபந்தனை. பட்டியலில் உள்ள காணி அத்தனையும் உழுதிருக்க வேண்டும். ஒரு துண்டு விடுபட்டாலும் வட்டை முழுவதற்கும் பசளை கிடையாது. யார் வைத்த நிபந்தனையோ, அவனுடைய காலில் சேறு பட்டிருக்காது.

கூட்டத்தில் வட்டை விதானை, எங்கள் வட்டைக் காரியங்களைப் பார்ப்பவர், உன்னை எழுப்பிக் கேட்டார். "புள்ள, உன்ட ஒரு ஏக்கரால மத்த ஆக்கள் பட்டினி கிடக்கிறதா?"

நீ எழும்பி நின்றாய். அவ்வளவு ஆண்களுக்கு நடுவே உன் குரல் நடுங்கியது. ஆனால் சொன்னாய். "உழுறது நீங்க. நெல்லுச் சூடு அடிக்கிறது நீங்க. அந்தக் களவெட்டியில எங்கட கால்கூடப் படக்கூடாது. நடுவுல குனிஞ்சு நிண்டு புல்லுப் புடுங்கிறது மட்டும் நாங்க. உழுதா எங்களுக்கு எவ்வளவு புல்லு வரும் எண்டு புடுங்கிற ஆக்களிட்டயும் ஒருக்காக் கேளுங்களன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. விதானை கொப்பியைப் புரட்டினார். "காணி உறுதி ஆர்ட பேருல கிடக்கு?" என்று கேட்டார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து நீ நேர்த்திக்கடன் வைத்திருந்தபடி உன் மகளையும் கூட்டிக்கொண்டு சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்குப் போனாய். நீ போய் இரண்டாம் நாள் விதானை என் வீட்டு வாசலில் நின்றார். அக்கம்பக்கத்து வயல்காரர்களும் வந்தார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. இடம்பெயர்ந்து வந்து கடனோடும் கவலையோடும் நின்றவர்கள். ஒரு மூடை பசளை அவர்களுக்குப் பெரிது. "அக்கா, தங்கச்சிக்கும் நல்லதுதான். பொம்பிள தனியக் கிடந்து சாகிறா. ஒரு தரம் உழுது விட்டா அவவுக்கும் லேசு" என்றார்கள். உன் அத்தான் பேனையை எடுத்துத் தந்தார். நான் கையொப்பம் வைத்தேன்.

பயந்து வைத்தேன் என்று சொல்லமாட்டேன். அது பொய். அந்த ஈர மண்ணும் என் வெடித்த மண்ணும் என் கண்ணுக்குள்ளேயே நின்றன. மூத்தவள் நான் இருக்க, இளையவள் சரியாக இருக்கிறாள் என்ற புழுக்கம் எனக்கு இருந்தது. பேனையைப் பிடித்தது அந்தப் புழுக்கம்தான்.

மெசின் உன் பாதியையும் புரட்டிப் போன பிறகு நீ திருநீறும் பிரசாதமும் கொண்டு வந்தாய். என் நெற்றியில் பூசிவிட்டுத் துறைக்குப் போனாய். பொழுது சாயும்முன் திரும்பி வந்தாய். "அக்கா, ஆரு ஒப்பம் வச்சது?" என்று மட்டும் கேட்டாய்.

"நான்தான்" என்றேன்.

"ம்" என்றாய். செருப்பில் அப்பியிருந்த மண்ணை வாசலில் கழுவிவிட்டு உன் வீட்டுக்குப் போய்விட்டாய். என் மேல் கோபமா என்று நான் பின்னால் வந்து கேட்டிருக்க வேண்டும். வரவில்லை. நீயே வந்து கத்தட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

மழை வந்தது. உன் பாதியில் பன்றி நெல் எழும்பியதுபோல என் வாழ்நாளில் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சண்டைக்கு முன்னம் நாங்கள் உழுது புதைத்தது, இடம்பெயர்ந்த காலத்தில் வெடிப்புக்குள் விழுந்தது, எத்தனை வருடத்து விதையோ, அத்தனையும் ஒரே உழவில் மேலே வந்து வெளிச்சம் கண்டது. நீ தோண்டித் தோண்டி ஓரமாக ஒடுக்கி வைத்திருந்த கோரைக் கிழங்கை அந்தத் தகடுகள் துண்டு துண்டாக வெட்டி வயல் முழுக்க நட்டுக் கொடுத்திருந்தன. பாரமான மெசின் ஏறி இறங்கிய இடமெல்லாம் மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் மேலே நின்றது. புழு இருந்த மண்ணா அது என்று கேட்க வேண்டியிருந்தது. பசளை வந்ததா என்று கேட்பாய். வந்தது. போட்ட பசளையைப் பயிரைவிடப் புல்தான் நன்றாகத் தின்றது.

நீ இறங்கினாய். கார்த்திகை முழுக்கவும் மார்கழி முழுக்கவும் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றாய். கூலிக்கு வந்த பெண்கள் அசந்துபோய் நின்றுவிட்டார்கள். நான் வந்தேன். வரம்புக்கு இந்தப் பக்கம் நின்று, "நானும் புடுங்கவா?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தாய். "உன்ட பாதியில கிடக்குறதப் புடுங்கு, அக்கா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என் பாதியிலும் கிடந்தது. நான் திரும்பிப் போனேன். இறங்கி உன் பக்கத்தில் குனிந்திருக்க எனக்கு என்ன கேடு?

காலில் மட்டிச் சிப்பி கீறிய காயத்தோடு நின்றாய். காய்ச்சல் வந்தபோது பனடோல் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினாய். "கதிர் கொட்ட முன்னம் முடிக்கோணும். மறுகா ஆஸ்பத்திரிக்குப் போறன்" என்றாய். கண் மஞ்சளாகிய பிறகுதான் கூட்டிப்போனோம். "வயல் தண்ணீரில் நின்றவவா?" என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. எலிக்காய்ச்சல் என்றார். பிந்திவிட்டது என்றார். ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய். அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது.

செத்த வீட்டுக்கு விதானை வந்தார். உழவு செய்தது நல்லதுக்குத்தான், இது விதி என்றார். பந்தலுக்குள் எல்லோரும் பார்க்க எழும்பினேன். விதி இல்லை, என் கையொப்பம் என்றேன். என்னைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள், சகோதர பாசத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். யாரும் என்னைக் குற்றம் சாட்டமாட்டேன் என்கிறார்கள், தங்கச்சி. நீயும் சாட்டவில்லை. இந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் எங்கே வைப்பது?

முப்பத்தொன்று முடிந்த மறுநாள் நொத்தாரிசிடம் போனேன். உன் பாதியை உன் மகள் பெயரில் எழுதச் சொன்னேன். அந்தக் காணியில் இனி உழவு படக்கூடாது என்றும் எழுதச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அப்பிடியெல்லாம் உறுதியில எழுத ஏலாது, அம்மா" என்றார். அத்தனை வருடம் நேரமில்லை என்ற வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. வெளியே வந்து பஸ் தரிப்பில் குந்தி இருந்து சத்தமாக அழுதேன்.

எழுத முடியாததை நானும் உன் மகளுமாகச் செய்கிறோம். இரண்டு பாதியிலும். உன் சின்ன மண்வெட்டிக்கு இரண்டு தரம் பிடி மாற்றியாகிவிட்டது. முதல் மூன்று மாரியும் அழுதுகொண்டுதான் பிடுங்கினோம். இப்போது மண் திரும்பவும் உதிரத் தொடங்கியிருக்கிறது. என் பாதி இன்னும் சண்டித்தனம்தான். கோரை போகவில்லை. போகாது. உழாமல் விட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது வந்து சொன்னால் அவனை நான் கோரைக்குள் கொண்டுபோய் நிறுத்துவேன். அது உழவைவிடப் பெரிய வேலை. நீ செய்த வேலை அது. அதைத்தான் சோம்பேறி வெள்ளாமை என்றோம்.

போன கிழமை மாரிக் கூட்டம். விதானைக்கு வயதாகிவிட்டது, கொப்பியைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துத்தான் வாசிக்கிறார். உழவுப் பட்டியல் வாசித்துக்கொண்டு வந்தவர் எங்கள் வயலுக்கு வந்ததும் நின்றார். "அக்கா, உங்கட தங்கச்சிட காணிக்கு உழவு வேணாம், என்ன?" என்று கேட்டார்.

உங்கட தங்கச்சிட காணி. அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சந்தோசப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குக் கோபம் தலை உச்சிவரை ஏறியது.

"அவ இருக்கக்குள்ள சொல்ல வேண்டிய சொல்லு அது" என்றேன். "இப்ப அவட மகள்ட காணி. மகளிட்டக் கேளுங்க. என்னட்டக் கேட்டா நான் ஒப்பம் வச்சிருவன்."

உன் மகள் எழும்பினாள். உன்னைப்போல அவள் குரல் நடுங்கவில்லை. "உழவு வேணாம்" என்றாள். கொப்பியை வாங்கித் தன் பெயருக்கு நேரே தானே கையொப்பம் வைத்தாள். நான் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன்.

நாளைக்கு விதைப்பு. அந்தச் சிவந்த மணியை அடுப்பில் போட்டேன். சட்டென்று பொரிந்து அடங்கியது. ஒன்று வந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று நீ சொல்வாய். மூடையை மறுபடி அவிழ்த்து, புடைத்து முடித்த நெல்லையும் முதலிலிருந்து சுளகில் எடுத்திருக்கிறேன்.